பதினோராம் பொருத்தம்

"அப்போ அறுபது வாங்கின நான் கரையில குடை பிடிச்சுக்கிட்டு நிக்கணும். முட்டை வாங்கின இவ மரத்தடிக்குப் போகணும். அதானே மேடம்? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"செண்பகா, குரலைக் குறை. மேல உக்காந்திருக்கது கூழைக்கடா. கவுன்சிலர் இல்ல, கத்துனா காரியம் நடக்கதுக்கு."

"கத்தத்தான் செய்வேன். ஆளைப் பாத்து வேலை குடுத்தா கத்தாம என்ன செய்ய?"

"ஏட்டி, அந்த எண்ணு எதுக்குன்னு முதல்ல கேளேன்" என்று சமாதானமாகக் கையைப் பிடிக்க வந்தாள் வேணி.

"தொடாத! பரீட்சையில முட்டை வாங்கிட்டு மூஞ்சியப் பச்சப்பிள்ளை மாதிரி வச்சுக்கிட்டா எல்லாரும் ஏமாந்துருவாங்களா?"

பறவை முகாமுக்குப் பொறுப்பான ஹெப்சிபா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றால் யாருக்கோ அடி விழப்போகிறது என்று அர்த்தம்.

"அந்த எண்ணு என்ன தெரியுமா? நீ மரத்துகிட்டப் போகையில தாய்ப்பறவை நெஞ்சு வழக்கத்தைவிட எம்புட்டு கூட அடிக்குதுங்கற கணக்கு. நீ போனா அறுபது கூடுது. பதறிச் சாகுது. வேணி போனா ஒண்ணுமே கூடல. இங்க முட்டைதாம்மா முதல் மார்க்."

கரையில் நின்ற பயிற்சி மாணவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்ற திரவியம் முதுகைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் தோள் குலுங்குவது தெரிந்தது. வேணி ஒருத்திதான் சிரிக்கவில்லை. செண்பகவல்லிக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது. சிரித்துத் தொலைத்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கோடை மாசியிலேயே தொடங்கிவிடுகிற காலம் ஆகிவிட்டது. நாரைசூழ்ந்தான் குளத்துக்கு வருகிற பறவைகளோ பழைய வழக்கப்படி வெயிலோடு வெயிலாகத்தான் கூடு கட்டின. குளத்துக் கருவேல மரங்கள் போதாமல் வீட்டுப் புழக்கடை வேம்பு, புளி என்று எதையும் விடுவதில்லை. தாய்ப்பறவை மிரண்டு எழுந்து பறந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் முட்டை வெயிலில் வெந்துவிடும். வேகாததைக் காகம் தீர்த்துவைக்கும். அதனால்தான் பொய்முட்டை. பார்வைக்கும் எடைக்கும் அசல் கூழைக்கடா முட்டை. நீளத் துரட்டிக் கம்பால் கூட்டில் வைத்துவிட்டால், மேலே உட்காருகிற பறவையின் நெஞ்சடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். யார் வரும்போது பறவை பதறுகிறது, யார் வரும்போது சும்மா இருக்கிறது என்பதைப் பட்டையும் முட்டையும் தங்களுக்குள் பேசி முடிவு செய்து திரைக்கு அனுப்பிவிடும். ஓர் உயிர் நம்மை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை எண்ணாகப் போட்டுச் சுவரில் மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த முட்டையைச் செய்தவன் திரவியம். செண்பகாவுக்குத் தாய்மாமன் மகன். அவள் பாவாடை தடுக்கி விழுந்த வயசிலிருந்தே "திரவியத்துக்குச் செண்பகா" என்று மேலத்தெருவில் பேச்சு. வைகாசியில் நிச்சயதாம்பூலம் என்றும் பேசி முடித்தாயிற்று. பாளையங்கோட்டைக் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த செண்பகா, வேறு யார் யாரோ ஊட்டிக்கும் முதுமலைக்கும் பயிற்சிக்குப் போனபோது, சொந்த ஊர்க் குளத்துக்கே பெயர் கொடுத்தாள். பறவை மேல் உள்ள பாசம் என்று கல்லூரியில் எழுதிக் கொடுத்திருந்தாள். தெருவில் யாரும் அதை நம்பவில்லை. கட்டிக்கப்போகிறவன் பக்கத்தில் இரண்டு மாசம் இருக்கலாம், அவ்வளவுதான்.

வந்து பார்த்தால், அவன் பக்கத்தில் சங்கரன்கோவிலிலிருந்து வந்த கிருஷ்ணவேணி நிற்கிறாள். கறுப்பு, ஒல்லி, காதில் ஒரு வேப்பங்குச்சி. அதையும் அழகு என்று சொல்ல ஒரு கூட்டம். அவள் மரத்தடிக்குப் போகிற நடை, கடைக்கு உப்பு வாங்கப் போகிற நடை. மேலே பார்ப்பதில்லை. பறவையும் அவளைப் பார்ப்பதில்லை. செண்பகாவுக்கு அப்படி வராது. யார் என்ன செய்கிறார்கள், நம்மை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அவளால் ஒரு தெருவைக் கடக்க முடிந்ததில்லை. மரத்தடிக்குப் போனாலும் கழுத்தை நிமிர்த்திக் கூட்டை முறைத்துப் பார்ப்பாள். எந்தப் பறவைக்குப் பிடிக்கும்?

"நீ உத்துப் பாக்க, செண்பகா" என்றார் மேடம். "பறவைக்கு உத்துப் பாக்கதெல்லாம் பருந்துதான்."

"அவ ஏதோ சூது பண்ணுதா மேடம்" என்றாள் செண்பகா. இந்தப் பதிலை மேடம் காதில் வாங்காமல் விட்டார்.

ஆனால் செண்பகா விடவில்லை. வீட்டில் அம்மா காந்திமதியிடம் சொன்னாள். அம்மா, "ஒரு பிள்ளை ஒழுங்கா வேலை செஞ்சா உனக்கு என்னட்டி?" என்றாள். அம்மாவும் அவள் கட்சி. போகப் போகச் செண்பகாவுக்கு ஒரு யோசனை உறுதிப்பட்டது. சூது நடையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. வேணியின் பட்டையை யார் கட்டினாலும் முட்டை பூஜ்யம்தான் காட்டும். அத்தானே அவளுக்கு அப்படிப் பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு நாள் மத்தியானம். எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய பள்ளிக்கூடம்தான் முகாம். வேணி கை கழுவும்போது பட்டையைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். செண்பகா அதை எடுத்துக் கட்டிக்கொண்டு, வேணியின் வைக்கோல் தொப்பியையும் தலையில் மாட்டிக்கொண்டு, குளத்தின் தென்கரையில் இருந்த வேணியின் மரத்துக்குப் போனாள். அவள் மாதிரியே நடக்கப் பார்த்தாள். நாலு எட்டு வைத்ததும் கூடு கண்ணில் பட்டது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தாள்.

கூழைக்கடா எழுந்தது. அந்தப் பெரிய இறக்கை விரிந்த சத்தத்தில் பக்கத்து மரத்துப் பறவைகளும் எழுந்தன. செண்பகா ஓடிவந்துவிட்டாள். மறைவில் நின்று, பறவை திரும்ப வந்து உட்காரட்டும் என்று வேண்டாத சாமியில்லை. வந்தது காகம். முதலில் ஒன்று, பிறகு நிறைய.

சாயங்காலம் திரவியம் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் மேடம்.

"கூடு போயிட்டு மேடம். குரங்கு வந்து விரட்டியிருக்கும்."

"முட்டை என்ன காட்டுது?"

"ஒண்ணும் காட்டல மேடம். வெயில்ல நின்னுபோச்சு."

செண்பகாவுக்கு உயிர் வந்தது. நல்லவேளை, சனியன் பிடித்த முட்டை நின்றுபோயிற்று. இல்லாவிட்டால் மேடம் அன்றைக்கே கல்லூரிக்கு எழுதிப் போட்டிருப்பார். அவள் கும்பிட்ட சாமிக்கெல்லாம் நன்றி சொன்னாள். கூட்டைப் பறிகொடுத்த பறவை மூன்று நாள் அந்தக் கிளையிலேயே வந்து நின்றதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினம் போய்ப் பார்த்தாள், தூரத்திலிருந்து.

அதன் பிறகுதான் புது வினை. வேணியும் திரவியமும் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம், கணினி வைத்திருக்கிற அறையில், ஒரு தடவை அரசமரத்தடியில். அங்கே திரவியம் கையெடுத்துக் கும்பிட்டதைச் செண்பகா கண்ணாலேயே பார்த்தாள். "கொஞ்சம் பொறு, நானே சொல்லிடுதேன்" என்று அவன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. என்ன சொல்லப்போகிறான், யாரிடம் சொல்லப்போகிறான்? நிச்சயம் பேசியிருக்கிற பெண்ணிடம் ஒருவன் தானே போய்ச் சொல்லவேண்டியது உலகத்தில் ஒன்றுதான் உண்டு. செண்பகா அந்த ஒன்றை நினைத்துக்கொண்டு படுத்தாள், எழுந்தாள், சோற்றைப் பிசைந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தான், இந்த முட்டை பறவை நெஞ்சை மட்டும்தான் கேக்குமா?"

"கை எட்டுற தூரத்துல எந்த நெஞ்சு இருந்தாலும் கேக்கும். ஆடு, மாடு, ஏன், நீயே இருந்தாலும்."

"மனுசன் மனசுல யாரு இருக்கான்னு சொல்லுமா?"

திரவியம் சிரித்தான். "நல்லா கேட்ட போ. அது அடிக்கிறதைச் சொல்லும். ஆனா ஒண்ணு, எதுக்கு அடிக்குன்னு..."

அந்த நேரம் பார்த்து வேணி உள்ளே வந்தாள். திரவியத்தின் கரண்டி நழுவி ரசத்தில் விழுந்தது. காது மடல் சிவந்தது. சொல்லவந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். பாதிச் சாப்பாடு தட்டில். செண்பகா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை எதைச் சொல்லும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. எதைச் சொல்லாது என்பது தட்டோடு போயிற்று.

நிச்சயதாம்பூலம் காந்திமதி வீட்டுக் கூடத்தில். இரண்டு வீடும் சுத்த சைவம். வெங்காயம் அரிகிற அரிவாள்மனையைக்கூடத் தனியாக வைத்திருக்கிற ஆட்கள். அப்படிப்பட்ட வீட்டில், வெற்றிலையும் வாழைப்பழமும் தேங்காயும் அடுக்கின தாம்பூலத் தட்டில், வெற்றிலைக்கு அடியில், செண்பகா பொய்முட்டை ஒன்றைச் செருகிவைத்தாள். தட்டு மாப்பிள்ளைக்கு முன்னால் ஜமுக்காளத்தில் கை எட்டுகிற தூரத்தில் இருக்கும். தன்னுடைய பட்டையை வளையலுக்குள் மறைத்துக்கொண்டாள். வேணியை வருந்தி வருந்தி அழைத்திருந்தாள். "நீ வராட்டா நான் சபைக்கே வரமாட்டேன் பாத்துக்க" என்றாள். வேணி குளத்திலிருந்து நேராக வந்தாள், பட்டையும் கையுமாக.

செண்பகா சபைக்கு வந்து விழுந்து கும்பிட்டாள். திரவியம் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தான். அறைக்குள் போனதும் முதல் வேலையாக, முட்டையோடு இணைத்துவைத்திருந்த கைப்பேசியைத் திறந்தாள்.

முட்டை. சுத்தமாக ஒன்றுமில்லை. கட்டிக்கப்போகிறவள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூவோடு முன்னால் வந்து நின்றிருக்கிறாள், அந்த மனுசன் நெஞ்சு காலைப் பேப்பர் படிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது.

"வேணி, இந்தச் சந்தனக் கிண்ணத்தை அத்தான்கிட்டக் குடுத்துட்டு வாயேன்."

வேணி போனாள். கைப்பேசியில் எண் ஏறியது. இருபது, முப்பத்தைந்து, ஐம்பதைத் தாண்டியும் நிற்கவில்லை.

பெரியவர்கள் தட்டு மாற்ற எழுந்த நேரத்தில் செண்பகா கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"தட்டை மாத்த வேண்டாம்!"

"ஏட்டி, என்ன பேசுத?" என்றாள் காந்திமதி.

"அவுகளையே கேளுங்க. நான் வந்து நின்னா ஒண்ணுமில்ல. இவ வந்து நின்னா நெஞ்சு குதிக்கு. மனசுல இல்லாட்டி எதுக்கு நெஞ்சு அடிக்கும்? சொல்லச் சொல்லுங்க!"

கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். திரவியத்தின் அம்மா பிரமு அத்தை, ஒன்றும் புரியாமல், தட்டை மட்டும் காப்பாற்றுவோம் என்று தன் பக்கம் இழுத்தாள். வெற்றிலைக்கு அடியில் விரல் எதிலோ பட்டது. எடுத்துப் பார்த்தாள்.

"சிவ சிவா! முட்டை!"

அந்தக் கூடத்தில் அன்றைக்கு எழுந்த சத்தத்தில், நெஞ்சு யாருக்காக அடித்தது என்கிற கேள்வி கொஞ்ச நேரம் எல்லாருக்கும் மறந்தேபோயிற்று. ஒரு பெரியம்மா தலைமுழுகப் போனாள். "அது பொய்முட்டைதான் அத்தை, பிளாஸ்டிக்" என்று வேணி சொன்னது எடுபடவில்லை. பிளாஸ்டிக்காகவே இருந்தாலும் முட்டை முட்டைதானே. திரவியம் அதை அம்மா கையிலிருந்து வாங்கினான். செண்பகாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்துச் சபையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

செண்பகா ஜெயித்துவிட்டாள். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வேணி வீட்டுக்கு வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை.

"நான் ஊருக்குப் போறேன். போறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மத்தியானம் என் பட்டைய எடுத்துக் கட்டிக்கிட்டு மரத்தடிக்குப் போனது நீதானே?"

"முட்டைதான் நின்னுபோச்சே" என்றாள் செண்பகா. அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று.

"நிக்கல. தொண்ணூறு காட்டிச்சு, என் பேர்ல, அழிக்கதுக்கு முன்ன திரையில நானே பாத்தேன். நான் அப்போ மேடம் பக்கத்துல சோறு தின்னுக்கிட்டிருந்தேன். யாருன்னு உங்க அத்தானுக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. அழிச்சுட்டாரு. குரங்குன்னு சொன்னாரு. குரங்குக்குப் பட்டை கட்டிவிட்டது யாருன்னு நான் போய்க் கேட்டேன். மேடம்கிட்டச் சொல்லத்தான் போனேன். பெறவு என்ன? கையெடுத்துக் கும்பிட்டாரு. நிச்சயம் முடியட்டும், நானே மேடம்கிட்டச் சொல்லிடுதேன், அவளை விட்டுருன்னாரு."

"அப்போ நீ வந்தா..."

"நான் வந்தா பயம், செண்பகா. இன்னைக்குச் சொல்லிருவாளோ, நாளைக்குச் சொல்லிருவாளோன்னு பயம். உன்னைப் பாத்து அந்தக் கூழைக்கடாவுக்கு அறுபது வந்துச்சே, அதுக்கு உன்மேல காதலா?"

வேணி போன பிறகுதான் செண்பகாவுக்கு உறைத்தது. குளத்தில் முட்டை வாங்கியவளைப் பார்த்து இரண்டு மாசம் வயிறு எரிந்தாள். அது தனக்கு இல்லையே என்று ஏங்கினாள். தனக்கென்று ஒரு முட்டை கிடைத்த அன்றைக்கு அதைத் தூக்கி எறிந்துவிட்டு, வேணிக்கு ஏறிய ஐம்பதுக்கு ஆசைப்பட்டாள். அடுத்தவள் கையில் இருந்தது எதுவோ அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்கே முகாமுக்குப் போனாள். திரவியம் துரட்டிக் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேடமும் இருந்தார். அவரிடம் அவன் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது அவர் கண்ணாடியைத் துடைக்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

"அத்தான், எனக்குத் தெரியாமப் போச்சு."

"கேட்டிருக்கலாம்ல? வாயைத் திறந்து, ஏம்ப்பா இவளைப் பாத்தா இப்படி முழிக்கன்னு ஒரு வார்த்தை?"

"கேட்டா சொல்லியிருப்பீகளா?"

"சொல்லியிருக்கமாட்டேன்னுதான் வச்சுக்கோயேன். ஆனா கேட்டிருக்கலாம்." கம்பைச் சுவரில் சாய்த்தான். "உன் பக்கத்துல இருந்தா எனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கதே மறந்துபோகும். இனிமே அப்படி இருக்காது. நீ வந்தாலே எங்கயாச்சும் முட்டை இருக்கான்னுதான் தேடுவேன்."



இது இரண்டு வீட்டோடு போயிருந்தால் மேலத்தெருவுக்கு ஒரு கோடைக்குப் போதுமான பேச்சு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கைப்பேசியில் எண் ஏறியதைப் பார்த்திருந்தார்கள். வேணி விளக்கம் சொன்னதை ஒருத்தியும் கேட்கவில்லை. ஆடி பிறக்குமுன்பே கீழத்தெருவிலிருந்து ஒரு அம்மா மகனுக்குப் பெண் பார்க்கப் போகையில் "அந்த முட்டையை ஒரு நாளைக்குக் குடுங்க" என்று முகாம் வாசலில் வந்து நின்றாள். மேடம் துரத்திவிட்டார். அடுத்தாற்போல் வந்தது காரில். கல்யாணத் தகவல் நிலையம் நடத்துகிற ஓர் ஆள்.

"ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பாக்கோம். இது பதினோராவது மேடம்" என்றார் அவர். "மனப்பொருத்தம். இதுவரைக்கும் அதை அளக்க ஆளில்ல."

"இது மனசை அளக்காது. பயம், கோபம், வெக்கம், வயித்துவலி எல்லாத்துக்கும் ஒரே எண்ணுதான். அளந்துதான் ஆகணும்னா, எண்ணு கூடாத இடத்துல பொண்ணைக் குடுங்க. அதுதான் நிம்மதியான இடம்."

அவர் சிரித்துவிட்டார். "பூஜ்யம் வந்தா நல்லதுன்னு சொல்லி நான் எப்படி மேடம் விக்க? முட்டைன்னு காறித் துப்பிருவான்."

முட்டை, முகாமை நடத்துகிற ஆய்வு நிறுவனத்தின் சொத்து. விற்கிறதா வேண்டாமா என்று முடிவு செய்கிற இடத்தில் மேடமும் இல்லை, திரவியமும் இல்லை. தை மாசம் அது சந்தன நிறத்தில், இடுப்பில் தங்கக் கோடு போட்டு, 'மங்கல முத்து' என்ற பெயரில் கடைக்கு வந்தது. முட்டை என்ற பேச்சே கிடையாது. சைவக்காரர்களும் வாங்கவேண்டுமே. பெட்டியின் மேல், "மனதில் இல்லாவிட்டால் நெஞ்சு எதற்கு அடிக்கும்?" என்று அச்சடித்திருந்தார்கள். செண்பகா கூடத்தில் கத்திய வார்த்தை எந்த வழியாகவோ போய்ப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஒரு வருஷத்தில் ஜில்லா முழுக்க அதுதான் வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் பூ, பழத்தோடு ஒரு முத்தும் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை வந்து நின்றதும் பெண்ணின் எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். ஏறினால் ஆசை. ஏறாவிட்டால், "பொண்ணு மனசுல வேற எவனோ." நடுங்காத பெண்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வந்தவனைக் கண்டதும் குலை பதறுகிற பெண்ணாகத் தேடித் தேடி, இதுதான் மனப்பொருத்தம் என்று தாலி கட்டினார்கள். ஹெப்சிபா மேடம் பத்திரிகைக்கு எழுதிப் பார்த்தார். போட்டார்கள், பறவைகள் பக்கத்தில்.

செண்பகாவைப் பார்க்க ஓசூரிலிருந்து ஒரு இடம் வந்தது. நிச்சயம் நின்ற பெண் என்பதால் காந்திமதி கொஞ்சம் இறங்கித்தான் பேசினாள். மாப்பிள்ளை நமச்சிவாயம் நல்ல வேலை, நல்ல உயரம். வந்ததிலிருந்து செண்பகாவைக் கண்ணெடுக்காமல் பார்த்தான். தனியாகப் பேசட்டும் என்று இரண்டு பேரையும் உள்ளறையில் விட்டார்கள், முத்தையும் கூட வைத்து.

"உன் போனைக் குடு" என்றான் அவன். முதல் பேச்சு அதுதான். வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "இது யாரு? இது யாரு? இந்தப் பேரை எதுக்கு இன்னும் வச்சிருக்க?"

அவன் கேட்ட தொனியில் செண்பகாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. மரத்தடியில் நின்று அவள் நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கூழைக்கடாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அதற்கு இறக்கை இருந்தது.

வெளியே மாப்பிள்ளையின் அம்மா எண்ணைப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். "எண்பது! எம்மா, இதுவரைக்கும் நாங்க பாத்த எந்தப் பிள்ளைக்கும் இம்புட்டு வரல. என் மகன்மேல எம்புட்டு ஆசை பாருங்க!"

காந்திமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான். செண்பகா வாயைத் திறந்தாள். இது ஆசை இல்லை, பயம் என்று சொல்லவேண்டும். சொன்னால் யார் நம்புவார்கள்? நெஞ்சு எதற்கு அடிக்கும் என்று சபையில் கேட்டவளே அவள்தான். கூடத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டு மாற்றினார்கள்.

வேணி நாரைசூழ்ந்தானுக்குத் திரும்ப வரவே இல்லை. கட்ச் பக்கம் பூநாரைகளை எண்ணப் போனாள். பிறகு அசாமில் படகு ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டதாகச் சேதி. வாயைத் திறந்து கேட்டு, அவன் வாயைத் திறந்து சம்மதம் சொன்னானாம். திரவியம் வேலையை விட்டுவிட்டுத் தென்காசியில் மோட்டார் பழுது பார்க்கிற கடை போட்டான். கடையத்தில் கணக்கு டீச்சராக இருந்த சிவகாமியைக் கட்டினான். பெண் பார்க்கப் போகையில் முத்து கொண்டுவரவில்லையே என்று பெண் வீட்டுக்காரர்கள்தான் வருத்தப்பட்டார்களாம்.

செண்பகா ஒரே ஒரு முறை அவர்களைப் பார்த்தாள். தலைப்பொங்கலுக்குப் புருஷனோடு ஊருக்கு வந்துகொண்டிருந்தபோது, தென்காசிப் பேருந்து நிலையத்தில், எதிர் வண்டி ஜன்னலில். சிவகாமி வாயைப் பிளந்துகொண்டு திரவியத்தின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை எண்ணெய் அவன் வெள்ளைச் சட்டையில் இறங்கியிருந்தது. அவன் அசையாமல் ஒரு கையால் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். வெளியே ஒரு லாரி பெரிதாக ஹாரன் அடித்தது. சிவகாமி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. செண்பகாவுக்கு வயிறு எரிந்தது. கழுத்து நகையைப் பார்த்தோ சேலையைப் பார்த்தோ இல்லை. அந்தத் தூக்கத்தைப் பார்த்து.

"யாரைப் பாக்க?" என்றான் நமச்சிவாயம்.

"யாருமில்ல. தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு."

அந்தச் சித்திரையிலேயே அவனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஊரில் விசேஷம் என்றால் காந்திமதி மட்டும் வருகிறாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "எண்பதுல்லா வந்துச்சு, அவளுக்கு என்ன குறை?" என்கிறாள்.